எமலோகத்தில் ஒரு வானொலி நகைச்சுவைத் தொடர்: முதல் எபிசோடை எழுதிப் பதிவு செய்வது எப்படி?

செத்தவர்களை வைத்துச் சிரிப்பு நாடகம் எழுத வரும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எமன், எருமை, எண்ணெய்க் கொப்பரை, சித்திரகுப்தன் கையில் லேப்டாப் என்று முதல் மூன்று நிமிடம் நன்றாகவே ஓடும். நான்காவது நிமிடத்தில் வண்டி நின்றுவிடும். செத்தாகிவிட்டது, இனி இவர்களுக்கு ஆவதற்கு என்ன இருக்கிறது? இழக்க எதுவும் இல்லாத ஆள் மீது கேட்பவருக்கு அக்கறை வராது. அக்கறை இல்லாமல் 28 நிமிடம் யாரும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்காரவும் மாட்டார்கள். எழுத்திலும் சரி, ஒலியிலும் சரி, இந்தச் சிக்கலைச் சமாளிக்கத் தெரிந்தால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது

இந்த வகைக்கு இலக்கணம் மாதிரி இருப்பது பிபிசி ரேடியோ 4-இல் 1995 நவம்பரில் தொடங்கிய 'ஓல்ட் ஹாரிஸ் கேம்'. கிறிஸ்தவ நரகத்தில் நடக்கும் கதை. எழுதியவர் ஆண்டி ஹாமில்டன்; சாத்தானாகக் குரல் கொடுத்தவரும் அவரே. 2009-க்குள் ஏழு சீசன்கள் வந்தன. பிறகு 2010 கிறிஸ்துமஸுக்கும் 2012 ஒலிம்பிக்ஸுக்கும் சிறப்பு எபிசோடுகள் வந்தன. ஆங்கிலம் காதுக்குப் பிடிபட்டால் நான்கைந்து எபிசோடாவது கேளுங்கள். முதல் முறை சிரிப்பதற்கு, இரண்டாவது முறை நோட்டுப் புத்தகத்தோடு.

குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, சண்டை எதைப் பற்றியது என்பது. ஜேம்ஸ் க்ரௌட் குரல் கொடுத்த பேராசிரியர் நல்ல மனிதர். நாத்திகர் என்பதால் நரகத்துக்கு வந்தவர். மனித இனத்தில் நன்மை உண்டு என்று அவர் நம்புகிறார். இல்லவே இல்லை என்று நிரூபிக்கத் துடிக்கிறார் சாத்தான். அதற்குச் சாட்சியாக ஜிம்மி மல்வில் குரலில் தாமஸ் என்று ஒரு முழுச் சுயநலக்காரன் கூடவே இருக்கிறான். இந்த வழக்கு என்றைக்கும் தீராது. ஆக, பணயம் உயிர் அல்ல, பேராசிரியரின் நம்பிக்கை. கொப்பரையும் சவுக்கும் பின்னணியில் எங்கோ இருக்கின்றன. நாடகம் அவற்றை நம்பி நிற்கவில்லை.

இரண்டாவது, சாத்தானின் குரல். இடி முழக்கமெல்லாம் கிடையாது. வேலைப்பளுவில் அலுத்துப்போன நிர்வாகியின் சாதாரணப் பேச்சு. ராபர்ட் டங்கன் குரலில் வரும் ஸ்கம்ஸ்பான் என்ற உதவியாளப் பேய் பயந்து பயந்து கோப்பு நீட்டுகிறது. இது யாருக்குத்தான் தெரியாத அலுவலகம்?

மூன்றாவது, ஒரு காட்சியில் உண்மையில் எத்தனை ஓசைகள் இருக்கின்றன என்பது. எண்ணிப் பாருங்கள். நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

படி 1: சட்டப் பக்கம்

வசனம் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் மறுஉலகத்தின் சட்டங்களை எழுதி முடியுங்கள். பத்துச் சட்டத்துக்கு மேல் போக வேண்டாம். அங்கே வலிக்குமா? பசிக்குமா? தூக்கம் உண்டா? மறுபடி சாக முடியுமா? பூமிச் செய்தி எப்படி வருகிறது? யாராவது பூமிக்குப் போய்வர முடியுமா? எமனுக்கு மேலதிகாரி யார், எமன் அவருக்குப் பயப்படுவாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிப் பதில் போதும். ஆனால் எழுதியதை மீறக் கூடாது. இந்தப் பக்கம் இல்லாதவர்கள் எபிசோட் முடிவில் திணறும்போது புதிதாக ஒரு மந்திரத்தைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்ப்பார்கள். கேட்பவருக்கு அது ஏமாற்று வேலை என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆங்கில நாடகத்தின் நரகத்துக்குக் கெடு கிடையாது, வந்தவர் வந்தவர்தான். எமலோகம் அப்படி இல்லை. வினை கழிந்ததும் மறுபிறவிக்கு அனுப்பிவிடுவார்கள். சிட்காமுக்கோ (ஒரே சூழலில் நடக்கும் நகைச்சுவைத் தொடர்) ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நம் மறுஉலகத்தில் கதவு திறந்தே கிடக்கிறது. அதை எப்படி அடைப்பது என்று யோசிக்காமல் எழுதினால் மூன்றாவது எபிசோடிலேயே, 'இந்த ஆள் இன்னும் ஏன் இங்கேயே இருக்கிறார்?' என்ற கேள்வி எழும்.

அடைக்க மூன்று வழிகள் நன்றாக வேலை செய்யும். கணக்கு நேராகவில்லை, கோப்பு நிலுவையில் இருக்கிறது என்பது எளிய வழி. ஆனால் அரசு அலுவலக ஜோக்குகளைத் தாண்டி அது நகராது. போக அனுமதி வந்தும் ஆள் போக மறுப்பது இரண்டாவது. ஒரு பாத்திரத்துக்கு மட்டும் பொருந்தும். மூன்றாவதுதான் உருப்படியானது: இரண்டு பேர் கணக்கு ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. சீட்டுப் பணத்தைச் சுருட்டியவனும் பறிகொடுத்த டீச்சரும் ஒரே விபத்தில் செத்து வருகிறார்கள். அவன் கணக்கை முடிக்காமல் அவர் கணக்கை மூட முடியாது. நல்லவர் கெட்டவனோடு கட்டுண்டு கிடக்கிறார். தொடருக்கு எஞ்சின் கிடைத்துவிட்டது.

அதோடு முதலில் கேட்ட 'இனி என்ன ஆகிவிடும்' என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஆங்கில நரகத்தில் இல்லாத பயம் ஒன்று நம்மிடம் உண்டு: அடுத்த பிறவி. கரப்பான்பூச்சியாகவா, கலெக்டராகவா? ஒரு புள்ளி கூடினால் என்ன, குறைந்தால் என்ன? இந்தப் பயத்தை ஒவ்வொரு எபிசோடிலும் எங்காவது தொடுங்கள். எமலோகக் கதை எழுதும் பலர் கொப்பரையைப் பிடித்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

மூலப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பாகவத புராணம் 28 நரகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றையும் உள்ளே இழுக்காதீர்கள். கும்பீபாகம், அசிபத்திரவனம் என்று இரண்டை எடுத்து இரண்டு பக்கத்துப் பக்கத்துத் துறைகளாக வைத்தால் ஒரு சீசன் ஓடும். கட உபநிடதத்தில் நசிகேதன் எமன் வீட்டுக்குப் போனபோது எமன் வீட்டில் இல்லை. பையன் மூன்று இரவு சோறு தண்ணீர் இல்லாமல் வாசலில் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன் காக்கவைத்த குற்றத்துக்கு ஈடாக மூன்று வரம் தருகிறார். தாமதத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் அதிகாரி! திருக்கடவூர்த் தலபுராணத்தில் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்து வீழ்த்த, பூமியில் சாவே நின்று பாரம் தாங்காமல் போகிறது. வேலைநிறுத்த எபிசோட் ஒன்றுக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது.

படி 2: நான்கு குரல்

நிரந்தரப் பாத்திரங்கள் நான்கு போதும். ஐந்து என்பது உச்சம். மேலும் சில்லறைப் பாத்திரங்களுக்கு ஆளுக்கு மூன்று குரல் மாற்றிப் பேசக்கூடிய இருவர். பட்ஜெட் ஒரு காரணம் என்றாலும் முக்கியக் காரணம் காது. முகம் தெரியாத ஐந்தாறு பேரைக் கேட்பவர் முதல் எபிசோடில் பிரித்தறிய மாட்டார்.

பேச்சை எழுதும்போதே குரல் வேறுபட வேண்டும். சித்திரகுப்தர் முழு வாக்கியமாக, எண்களோடு பேசுவார் என்று வைத்தால், தூதன் பாதியில் நிறுத்துவான். சீட்டுக்காரன் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வான். டீச்சர் மற்றவர் பேச்சைத் திருத்துவார். எழுதி முடித்ததும் பெயர்களை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். யார் பேசுகிறார் என்று பத்தில் எட்டு வரியிலாவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நடிகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காப்பாற்ற முடியாது. நடிகர் தேர்விலும் ஒரே சுருதிக் குரல் இரண்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வட்டாரப் பேச்சு கைகொடுக்கும். நெல்லைக்காரரும் சென்னைக்காரரும் ஒரு காட்சியில் இருந்தால் பெயர் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தையே ஜோக்காக ஆக்கினால் இரண்டாம் எபிசோடில் அலுக்கும், மூன்றாவதில் எரிச்சலூட்டும்.

எமனுக்கு இடிக்குரல் வேண்டாம். அந்த மீசையும் கதாயுதமும் தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அதை மறுபடி கொடுப்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

படி 3: 28 நிமிடத்தைப் பங்கு போடுவது

ரேடியோ 4-இன் அரைமணி நகைச்சுவை என்பது அறிவிப்புகள் போக ஏறத்தாழ 28 நிமிடம். பாட்காஸ்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் பழகுவதற்கு நல்ல அளவு. ஒன்பது முதல் பதினொரு காட்சிகள், சராசரி இரண்டரை நிமிடம். முதல் இரண்டு நிமிடத்துக்குள் அன்றைய பிரச்சினை மேசைக்கு வந்துவிட வேண்டும். பெரிய கதை ஒன்று, சின்னக் கதை ஒன்று. இரண்டும் 20-ஆவது நிமிடத்துக்கு அருகில் ஒன்றையொன்று முட்ட வேண்டும். மூன்றாவது கதை ஒன்று வைக்க ஆசை வரும். முதல் எபிசோடில் வேண்டாம்.

ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் சொல் எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். நம் சொற்கள் நீளம். இயல்பான பேச்சுவேகத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 சொல் என்று வைத்துக்கொண்டால் 28 நிமிடத்துக்குச் சுமார் 3,000 சொல் வரும். ஓசைக்கும் சிரிப்புக்கும் இடம் விட 2,700-இல் நிறுத்துவது பாதுகாப்பு. கடைசி வார்த்தை ஸ்டாப்வாட்சுடையதே. வாய்விட்டுப் படித்துத்தான் அளக்க வேண்டும். மனசுக்குள் படித்தால் கால்வாசி நேரம் குறைத்துக் காட்டும்.

படி 4: காதுக்கு எழுதுவது

முதல் வரைவுகளில் இப்படி ஒரு வசனம் தவறாமல் இருக்கும் (நம் சீட்டுக்காரன் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்):

முருகேசன்: அடேயப்பா, எவ்வளவு பெரிய இரும்புக் கதவு! மேலே மண்டை ஓடெல்லாம் மாட்டியிருக்காங்களே! அதோ, ஒரு தூதன் கையில ஈட்டியோட வர்றான்!

கண்ணால் பார்ப்பதை வாயால் ஒப்பிக்கும் மனிதர் யாரும் கிடையாது. இதையே காதுக்கு எழுதினால்:

(துருப்பிடித்த இரும்புக் கதவு நெடுநேரம் கிரீச்சிடுகிறது. நிற்கிறது. மறுபடி கிரீச்சிடுகிறது.)

முருகேசன்: இதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?

தூதன்: விட்டுத்தான் வச்சிருந்தோம். சத்தம் வரணும்னு மேலேருந்து ஆர்டர்.

முருகேசன்: அங்க அவ்வளவு எண்ணெய் கொதிக்குதே...

தூதன்: அது வேற துறை.

டீச்சர்: முருகேசா, வரிசையை விட்டு வெளியே வராதே.

முருகேசன்: டீச்சர், நீங்களுமா வந்துட்டீங்க?

டீச்சர்: நீ ஓட்டின கார்லதானே உட்கார்ந்திருந்தேன்.

கதவின் அளவு, இடத்தின் நிர்வாக லட்சணம், யார் யார் இருக்கிறார்கள், இருவருக்கும் என்ன உறவு, எப்படிச் செத்தார்கள் என்று ஐந்து தகவல்கள் உள்ளே போய்விட்டன. எதையும் யாரும் விளக்கவில்லை. பெயர் வந்த விதத்தையும் கவனியுங்கள்: புதிய ஆள் வாய் திறந்த முதல் இரண்டு மூன்று வரிக்குள் யாராவது அவரைக் கூப்பிட்டுவிட வேண்டும். நம் பேச்சில் டீச்சர், ஐயா, அண்ணே, மாமா என்ற விளி இயல்பாகவே வரும் என்பது வானொலி எழுத்தாளருக்கு வசதி.

பேசாதவர் காட்சியில் இல்லை என்பது வானொலியின் இரும்பு விதி. மேடையில் மூலையில் நின்று முறைக்கலாம். இங்கே ஏழெட்டு வரி வாய் திறக்காவிட்டால் ஆள் காணாமல் போய்விடுவார். பிறகு திடீரென்று பேசினால் கேட்பவர் துணுக்குறுவார். ஆகவே ஒரு காட்சியில் மூன்று பேருக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. நான்காமவர் தவிர்க்க முடியாதபோது அவருக்கு இருமல், பேரேட்டுப் பக்கம் புரட்டும் ஓசை என்று எதையாவது கையில் கொடுங்கள். மாறாக, கேட்பவர் மறந்தே போன ஆள் இவ்வளவு நேரமும் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஒரு எபிசோடில் ஒரு முறை ஜோக்காகவே பயன்படுத்தலாம்.

சிரிப்பு வரவேண்டிய சொல் வாக்கியத்தின் கடைசியில் இருக்கட்டும். தமிழ் வினைமுற்று கடைசியில் வந்து உட்கார்ந்து அந்தச் சிரிப்பை அமுக்கிவிடும். 'கணக்குல கரப்பான்பூச்சின்னுதான் எழுதியிருக்கு' என்பதைவிட, 'கணக்குல எழுதியிருக்கிறது... கரப்பான்பூச்சி' என்பது காதில் தைக்கும்.

வரலாற்று மாந்தரை விருந்தாளியாகக் கொண்டுவருவது இந்த வகைக்கே உரிய சலுகை. ஆனால் வந்தவருக்கு எமலோகத்தில் ஒரு வேலை வேண்டும். ராபர்ட் கிளைவை எடுத்துக்கொள்ளுங்கள். 1744-இல் சென்னைக்கு அவர் வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக. சித்திரகுப்தருக்குக் கீழே அதே வேலையில் போட்டுவிடலாம். 'நான் வேற்று மதத்தவன், என் நரகம் வேறு' என்று எல்லைத் தகராறு கிளப்பட்டும். முகத்தைக் காட்டிவிட்டுப் போக மட்டும் வருகிற பிரபலம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

படி 5: ஓசை

எமலோகம் என்றதும் எல்லாக் குரலுக்கும் குகை எதிரொலி போடுவது புதியவர்களின் இரண்டாவது பெரிய தவறு. மூன்று நான்கு விநாடி நீளும் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) ஒவ்வொரு சொல்லின் வாலையும் அடுத்த சொல்லின் தலைமேல் இழுத்துப்போடும். ட, ற, க எல்லாம் மழுங்கும். பஞ்ச் வசனத்துக்குப் பின் வரவேண்டிய அமைதி அமைதியாகவே இருக்காது, சிரிப்பு செத்துவிடும். நீளத்தை 0.6 முதல் 0.8 விநாடி, அளவை 10 முதல் 15 சதவீதம், முன்தாமதத்தை (குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி) 20 மில்லிவிநாடி என்று வைத்துத் தொடங்குங்கள். ரிவெர்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். பெரிய எதிரொலி வேண்டுமென்றால் எமன் சபைக்குள் நுழைந்து சொல்லும் முதல் வரிக்கு மட்டும் போட்டு, இரண்டாவது வரியில் எடுத்துவிடுங்கள். இடம் பெரிது என்பது காதில் பதிந்துவிடும். மூளை அதைத் தொடர்ந்து நம்பும்.

பின்னணிக்கு மூன்று அடுக்கு போதும். தாழ்ந்த முனகல் போன்ற தொடர் ஓசை ஒன்று, எட்டுப் பத்து விநாடிக்கொருமுறை தலைகாட்டும் ஓசை ஒன்று, வெகுதூரத்தில் ஒன்று. மொத்தமும் வசனத்தைவிட 18 முதல் 20 டெசிபல் கீழே. தூரத்து அலறல்கள்தான் தொல்லை தருபவை. பேச்சு தெளிவாகக் கேட்கத் தேவையான 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியிலேயே அவையும் உட்காரும். அந்தப் பகுதியை அலறலில் குறைத்துவிட்டால் தூரத்து அலறலாகவும் ஒலிக்கும், வசனத்தையும் விட்டுவைக்கும். இன்னொன்று, அலறல் ஓயாமல் கேட்டால் கேட்பவருக்குச் சிரிப்பு வராது. காட்சித் தொடக்கத்தில் ஐந்து விநாடி கேட்கவைத்து மெல்ல இறக்குங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை: கொதிக்கும் கொப்பரைக்கு, பித்தளை அண்டாவில் பாதி தண்ணீர் விட்டு அகலமான குழாயால் ஊதிப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். தண்ணீர் எண்ணெயாகிவிடும். நெருப்புக்குக் கண்ணாடித்தாளை மைக் அருகே மெதுவாகக் கசக்கினால் போதும். எமலோகத்து வைதரணி ஆற்றுக்குக் கெட்டியான கஞ்சியைக் கையால் துழாவுங்கள். பாசக்கயிற்றுக்குத் தேங்காய் நார்க் கயிறை மேசை விளிம்பில் இழுக்கலாம். நைலான் கயிறு சத்தமே தராது. எருமைக்குக் கொட்டாங்கச்சியைத் தட்டாதீர்கள், அது குதிரை. ஈரமணல் நிரப்பிய துணிப்பையைத் தரையில் மெதுவாக வைத்து எடுத்து, கூடவே கழுத்துமணி ஒன்றை ஒழுங்கில்லாமல் ஆட்டுங்கள். சித்திரகுப்தன் பேரேட்டுக்குத் தடித்த பைண்டு புத்தகத்தைப் போர்வை விரித்த மேசைமேல் போட வேண்டும். வெறும் மேசையில் போட்டால் கன்னத்தில் அறைந்த சத்தம்தான் வரும். ஒவ்வொரு ஓசையையும் ஐந்தாறு விதமாக எடுத்து வையுங்கள். எபிசோட் முழுக்க ஒரே கதவுச் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 6: பதிவு

பிபிசி மரபில் இத்தகைய நாடகங்கள் பார்வையாளர் முன்னிலையில் பதிவாகும். நடிகர்கள் கையில் ஸ்கிரிப்டோடு மைக் வரிசை முன் நிற்பார்கள். பார்வையாளர் தலைக்குமேல் தனி மைக்குகள் தொங்கும். பிசகிய வரிகளை மறுபடி எடுப்பார்கள். உங்களிடம் முப்பது பேர் உட்காரும் ஒரு கூடம் இருந்தால் முயன்று பாருங்கள். சிரிப்பைத் தனி ட்ராக்கில் பதிவு செய்வது கட்டாயம். நடிகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சிரிப்பு உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியதும் அடுத்த வரியைப் பிடியுங்கள், முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி ஆறிப்போகும். பார்வையாளர் இல்லாமல் எடுத்தால் பஞ்ச் வசனத்துக்குப் பின் அரை விநாடி விட்டுவிட்டு நகருங்கள். கடையில் கிடைக்கும் பதிவுச் சிரிப்பை மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

சாதாரண அறையில் கண்டன்சர் மைக்கைவிட டைனமிக் மைக் இரண்டு நல்லது. தெரு ஆட்டோவையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் குறைவாகவே எடுக்கும். சுவருக்கு ரஜாய், தரைக்கு ஜமக்காளம். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள். ஒரு மைக்குக்கு இருவர், தோளோடு தோள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உரத்த வரிகள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் தொட்டால் போதும்.

இந்தக் கதைக்களத்துக்கென்றே ஒரு சனியன் உண்டு. பாவம், புண்ணியம், பிறவி, பாசக்கயிறு, பேரேடு என்று எங்கு பார்த்தாலும் 'ப'. ஒவ்வொன்றும் மைக்கில் பொத்தென்று விழும். பாப் ஃபில்டர் (மைக் முன் வைக்கும் காற்றுத் தடுப்பு வலை) மட்டும் போதாது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், வாயோரத்துக்கு எதிரே 45 பாகை திருப்பி வையுங்கள். அலறவேண்டிய நடிகர் ஒரு மீட்டர் பின்வாங்கி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அலறட்டும். உள்ளே வருவதும் வெளியே போவதும் கால்நடையில்தான்: பேசிக்கொண்டே மூன்றடி நடந்து மைக்குக்கு வர வேண்டும். எடிட்டிங்கில் ஒலியைக் கூட்டிக் குறைத்தால் அந்த நடை கிடைக்காது.

ஸ்கிரிப்டை ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 14 புள்ளி எழுத்தில், பின் அடிக்காமல் கொடுங்கள். ஒரு ஜோக் இரண்டு தாளில் பிளந்து கிடக்கக் கூடாது. படித்த தாளைப் புரட்டாமல் பக்கவாட்டில் நழுவவிடச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்து ஒரு வாசிப்பு, பிறகு ஓசைகளோடு நின்றபடி ஒரு ஒத்திகை, பிறகு பதிவு. கடைசியில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். வெட்டு விழுந்த இடங்களை ஒட்டப்போட அதுதான் உதவும். அதை மறந்தவர்கள் எடிட்டிங் நாளன்று வருந்துவார்கள்.

படி 7: வெட்டுவது

28 நிமிட ஸ்கிரிப்ட் 32, 33 நிமிடமாகத்தான் பதிவாகி வரும். முதலில் காட்சிகளின் முதல் இரண்டு வரிகளை எடுத்துப் பாருங்கள். வணக்கமும் விசாரிப்பும் பெரும்பாலும் தேவையில்லை. அடுத்து, ஒரு ஜோக்குக்கு விளக்கமாக வந்த வரி. அதற்குப் பிறகும் மிஞ்சினால் சின்னக் கதையின் ஒரு காட்சி. சட்டப் பக்கத்தை விளக்கும் வரியை வெட்டுமுன் மட்டும் யோசியுங்கள். அது போனால் முடிவு புரியாமல் போகலாம்.

காட்சி மாறியதைக் காதுக்குச் சொல்ல நான்கைந்து விநாடி இசைத்துண்டு வைப்பது வழக்கம். பதினொரு காட்சிக்கும் அதையே வைத்தால் அலுக்கும். பாதி இடங்களில் இசை இல்லாமல், ஓசை பட்டென்று மாறட்டும். பாட்காஸ்டுக்கு முழுக் கலவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரி ஒலியளவின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஐரோப்பிய ஒலிபரப்பு நெறி மைனஸ் 23. எங்கே அனுப்பப்போகிறீர்களோ அந்த நிலையத்தின் அளவைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில், பக்கத்தில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஒருமுறை கேளுங்கள். அதிலும் வசனம் புரிந்தால் சரி.

வெளியிடுமுன்

இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. செத்த பிரபலங்களை அங்கே தாராளமாக நரகத்துக்கு அனுப்பலாம். இந்தியாவில் அப்படி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, இறந்தவர் மீது சொல்லும் பழி, அவர் உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும் அளவுக்கு இருந்து, குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தால் அதையும் அவதூறு என்கிறது. அண்மையில் இறந்த நிஜ மனிதர்களை விட்டுவிடுங்கள். நூற்றாண்டுகள் கடந்தவர்களும் கற்பனை ஆட்களும் போதும். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது பற்றியது 299-ஆவது பிரிவு. கடவுளர்களைப் பற்றிய கேலி அவர்கள் நிர்வாகத்தின் மீது இருக்கட்டும், பக்தி மீது வேண்டாம். கட்டியங்காரன் காலம் தொட்டு நம் கூத்து மேடை அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறது. ஆகாசவாணிக்கு அனுப்புவதாக இருந்தால் மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் எதற்கும் அதன் ஒலிபரப்பு நெறியில் இடமில்லை. எழுதும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எபிசோடுக்கு உட்காரும்போது முதல் எபிசோடில் புதிதாக வாய் தவறி விழுந்த சட்டங்களைக் கேட்டுக் கேட்டுச் சட்டப் பக்கத்தில் ஏற்றுங்கள். தூதன் ஒரு இடத்தில் 'எங்களுக்குத் தூக்கம் கிடையாது' என்று சொல்லியிருப்பான். நான்காவது எபிசோடில் அவன் குறட்டை விட்டால் எவராவது ஒருவர் கட்டாயம் எழுதிக் கேட்பார். ஓசைக் கோப்புகளையும் 'கதவு_இரும்பு_3' என்கிற மாதிரி பெயரிட்டு ஒரே அடைவில் போட்டு வையுங்கள். ஆறு எபிசோடிலும் அந்தக் கதவு வேண்டியிருக்கும்.